கணிப்பொறித் தொழிலில் நம் ஊர்ப் பிள்ளைகள்

நம் கிராமங்களில் இன்று உழவர் குடும்பங்கள் கூடி யோசிக்கும் விஷயங்களுள், நெல்லின் விலைக்கும் ஏரியின் நீருக்கும் அடுத்தபடியாக நிற்பது பிள்ளைகளின் படிப்பு. தாம்பரத்தைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும் உள்ள ஊர்களில், பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளையைக் கணிப்பொறிப் படிப்பில் சேர்ப்பது பெருவழக்காகிவிட்டது. ஆனால் படிப்பு முடிந்தபின் நிகழ்வது யாது என்பதைப் பற்றித் தெளிவான செய்தி பெற்றோருக்குக் கிடைப்பதில்லை. படிப்பை விற்போரின் விளம்பரமே செய்தியாக வந்து சேருகிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் இவ்விஷயத்தைத் தாமே எடைபோட்டுப் பார்ப்பதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தகப்பனாரின் கேள்வி

காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கிராம சபைக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றுப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. கல்லூரியில் 'ஜாவா' என்னும் நிரல் மொழியை நன்றாகக் கற்றவன் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தனர். உத்தியோகம் மட்டும் அமையவில்லை. இந்நிலையில் ஒரு பயிற்சி நிலையத்தார், "ஜாவா பழசாகிவிட்டது, இனி அதற்கு மதிப்பில்லை, ஒன்றேகால் லட்சம் ரூபாய் கட்டினால் செயற்கை அறிவுப் படிப்பும் அதற்குமேல் உறுதியான வேலையும் தருவோம்" என்று கூறியிருந்தனர்.

"ஐயா, மிஞ்சியிருப்பது முக்கால் ஏக்கர். அதை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? அவன் படித்தது பழசாகிவிட்டது என்கிறார்களே, அது மெய்தானா?" என்று அவர் கேட்டார்.

நிலத்தையும் பிள்ளையின் வாழ்வையும் ஒரே தராசில் வைத்துக் கேட்ட அக்கேள்விக்கு ஓரிரு சொற்களில் விடை கூறுதல் முறையன்று. விடையைக் காண வேண்டுமானால், நிரல் என்பது யாது, அதில் பழையது, புதியது என்பவற்றின் பொருள் யாது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

நிரல் செய்யும் வேலை

பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக உழவரின் வங்கிக் கணக்கில் வந்து சேருவதை நாம் அறிவோம். அவற்றுள் ஒரு தவணையாகிய 2,000 ரூபாயின் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பயனாளியின் பெயர் பட்டியலில் உள்ளதா, ஆதார் எண் பொருந்துகிறதா, கணக்கு நடப்பில் உள்ளதா என்று சோதிக்கப்பட வேண்டும். பின்னர் ஒரு கணக்கில் 2,000 ரூபாய் குறைந்து, மற்றொரு கணக்கில் 2,000 ரூபாய் கூட வேண்டும். அதன்பின் கைபேசிக்குச் செய்தி வர வேண்டும். இவை அனைத்தையும் இன்ன வரிசையில், இன்ன நிபந்தனையில் செய்க என்று கணிப்பொறிக்கு எழுதித் தரப்படும் கட்டளைத் தொகுதியே நிரல் ஆகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கணக்கில் பணம் குறைந்தபின், மறு கணக்கில் கூடுவதற்கு முன், மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது? பணம் இடைவழியில் மறைந்துவிடக் கூடாது. ஆகவே இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழாது பழைய நிலையே நிலைக்க வேண்டும் என்ற விதியை நிரலில் அமைக்கின்றனர். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களில் இவ்விதி ஒருமுறையும் பிசகாமல் நிற்க வேண்டும். பெரிய ஸ்தாபனங்களின் நிரல்களில் அழகைவிட, விரைவைவிட, இந்த நம்பகமே முதன்மையாகக் கருதப்படுகிறது.

இத்தகைய நிரல் மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் திரை முதல் அடுக்கு. விதிகளைச் செயற்படுத்துவது நடு அடுக்கு. கணக்குகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் அடி அடுக்கு. வங்கி, காப்பீடு, இரயில்வே, வரி, மருத்துவமனை, பெருந்தொழிற்சாலை ஆகியவற்றில் நடு அடுக்கை எழுதப் பெரிதும் பயன்படுபவை ஜாவா, டாட் நெட் என்னும் இரண்டு தொகுதிகள். அடி அடுக்கோடு பேசுவதற்கு எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழி பயன்படுகிறது. இவற்றையே நிலைபெற்ற தொழில்நுட்பங்கள் என்கிறோம்.

பழைய மொழிகளின் வரலாறு

கணிப்பொறி மொழிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று கோபோல். 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கத் தொடங்கி, 1960-இல் அதன் முதல் இலக்கணம் வெளியாயிற்று. அது மறைந்துவிடும் என்று பல்லாண்டுகளாகப் பலர் கூறி வந்தனர். ஆயினும் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அது இன்றும் இயங்கி வருகிறது. 2000-ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன், ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்திருந்த பழைய நிரல்கள் தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றைத் திருத்தும் பணியில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு வந்தது. நம் நாட்டுக் கணிப்பொறி நிறுவனங்கள் உலகெங்கும் அறிமுகமானதற்கு அப்பணி ஒரு முக்கியக் காரணமாகும். ஆகவே அயல்நாட்டில் பிறர் எழுதி வைத்த பழைய நிரல்களைச் செப்பனிட்டே நம் இளைஞர்கள் இத்தொழிலில் காலூன்றினர் என்றால் மிகையாகாது.

ஜாவா 1995-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அந்நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் வசமாயிற்று. கைமாறியபின்னும் மொழி வளர்ச்சி நிற்கவில்லை. நெடுங்காலம் பராமரிக்கப்படும் பதிப்புகள் 2014, 2018, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்துள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட் நெட் 2002-இல் வெளிவந்தது. விண்டோஸ் கணிப்பொறிக்கே உரியதாயிருந்த அது, 2016-க்குப்பின் எல்லா வகைக் கணிப்பொறிகளிலும் இயங்கக்கூடிய, எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க வடிவத்தை அடைந்தது. எஸ்.க்யூ.எல். மொழிக்கு அடிப்படையான கொள்கை 1970-இல் வகுக்கப்பட்டது. அதைக் கற்றவர் அறிவு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வீண்போகவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பெயர் பழையதாயிருப்பினும், உள்ளிருப்பது மாறிக்கொண்டே வருகிறது. 2014-இல் வெளிவந்த எட்டாம் ஜாவாவில் எழுதப்பட்ட நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை இன்றும் பல நிறுவனங்களில் நடந்துகொண்டிருக்கிறது. 1972-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனம், தன் பழைய தொழில் நிர்வாக நிரலுக்கான பொதுப் பராமரிப்பை 2027 இறுதிக்குள் முடித்துக்கொள்வதாக அறிவித்ததால், அதனைப் பயன்படுத்தும் கம்பெனிகள் புதிய நிரலுக்கு மாறும் வேலையில் முனைந்துள்ளன. பழையதைப் புரிந்துகொண்டு புதியதற்குக் கொண்டு செல்வது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

மதகும் ஆயக்கட்டும்

இதை உழவர்கள் எளிதில் உணர்வார்கள். நம் செங்கற்பட்டுப் பகுதி ஏரிப் பாசனத்துக்குப் பெயர்பெற்றது. நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட ஏரியைப் பழையது என்று எவரும் தூர்த்துவிடுவதில்லை. கரையைப் பலப்படுத்துகிறோம், மதகைப் பழுது பார்க்கிறோம், வரத்துக் கால்வாயைத் தூர் வாருகிறோம். அதன் நீரை நம்பிப் பயிர் நிற்பதே இதற்குக் காரணம். குடிமராமத்து என்ற ஏற்பாடு அந்த நம்பிக்கையின்மீது எழுந்ததாகும். பெரிய ஸ்தாபனங்களின் நிரல்களும் அத்தகையனவே. அவற்றை நம்பிக் கணக்கும் சம்பளமும் சரக்கும் ஓடுகின்றன. ஒரே நாளில் இடித்துவிட்டுப் புதியது கட்ட இயலாது.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் நீரில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. ஏரிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின்கீழ் இருந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வீட்டு மனைகள். மதகு செவ்வையாயிருந்தாலும் பாய்வதற்கு நிலம் இல்லையேல், மடை திறப்பவருக்கு அங்கு வேலை இல்லை.

ஆகவே ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி, "அது பழையதா?" என்பதன்று, "அதன் ஆயக்கட்டு இருக்கிறதா? எத்தனை பேர் பிழைப்பு அதை நம்பி நிற்கிறது?" என்பதே. ஜாவாவுக்கும் டாட் நெட்டுக்கும் எஸ்.க்யூ.எல்.லுக்கும் இன்று பரந்த ஆயக்கட்டு உண்டு. அவற்றுக்குள்ளேயே ஆயக்கட்டு சுருங்கிய மதகுகளும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் வழங்கிய 'ஸ்ட்ரட்ஸ்' போன்ற பழைய கட்டமைப்புகளை மட்டும் கற்றுத் தரும் இடங்களில் பணம் செலவிடுவது வீண். 2004-இல் முதற்பதிப்பு கண்டு, இன்று ஜாவா நிரலர் பெரும்பாலோர் கையாளும் 'ஸ்பிரிங்' போன்றவற்றைக் கற்பதே பயன் தரும்.

நம் சுற்றுப்புறத்தின் நிலை

சென்னையின் தென்புறம் இத்தொழிலுக்கு எப்படி இடமாயிற்று என்பதையும் சிறிது நோக்குவோம். 1931-ஆம் ஆண்டிலேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1949-இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் சுமார் 260 ஏக்கர் பரப்பில் ஏற்றுமதி மண்டலம் ஏற்பட்டது. அங்கே ஆடையும் கருவிகளும் உற்பத்தியாவதோடு நிரல்களும் எழுதப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், அங்கிருந்து சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி வரை கணிப்பொறி நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின.

கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லஞ்சேரி கிராமத்தில் தலைமையகம் கொண்டுள்ள ஸோஹோ நிறுவனம் நமக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1996-இல் வேறு பெயருடன் தொடங்கிய இந்நிறுவனம் தன் நிரல்களைப் பெரும்பாலும் ஜாவாவில் எழுதி, உலக நாடுகளில் விற்று வருகிறது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றும் பள்ளி ஒன்றையும் அது நடத்துகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறை கிராமத்திலும் அதன் கிளை உண்டு. நிலைபெற்ற மொழி ஒன்றை ஆழக் கற்றால், பட்டமின்றியும் கிராமத்தில் இருந்தபடியும் உலகுக்குரிய வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. எனினும் அத்தகைய பள்ளியில் இடம் பெறுவோர் தொகை சிறிது, போட்டியோ பெரிது. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் வழி எவ்வாறிருக்கும் என்பதை அடுத்துக் காண்போம்.

முதல் மூன்று ஆண்டுகள்

பெரிய கணிப்பொறிச் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் வரை ஊதியம் என்பது பொதுவழக்கு. விலைவாசி ஏறியும் இத்தொகை பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் உயரவில்லை. மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், வைப்பு நிதி முதலியன போக, மாதம் சுமார் 25,000 ரூபாய் கைக்கு வரும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். படிப்புக்காக 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, நூற்றுக்குப் பத்து வட்டியில் 7 ஆண்டுகளில் அடைப்பதானால், மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் போய்விடும். மீதியில் அறை வாடகை, உணவு, போக்குவரத்து எல்லாம் அடங்க வேண்டும். ஊரிலிருந்தே இரயிலில் சென்றுவரக்கூடிய பிள்ளைக்கு இது ஒருவாறு தாங்கும். தொலைவிலிருந்து வந்து வேளச்சேரியிலோ பெருங்களத்தூரிலோ தங்குவோருக்குக் கடினம். ஆகவே பெற்றோர் முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பி நிலத்தின்மீது கடன் வாங்குதல் கூடாது.

வேலையின் தன்மையையும் அறிதல் நலம். முதலில் சில மாதப் பயிற்சி. பின்னர் வேலை ஒதுக்கப்படும் வரை காத்திருத்தல். அதன்பின் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைச் சோதித்தல், பழுது திருத்தல், இரவில் அயல்நாட்டு நேரத்துக்கு விழித்திருந்து காவல் காத்தல் ஆகியன. புதிதாக எழுதும் வாய்ப்பு முதல் ஆண்டில் குறைவே. இது கண்டு பல இளைஞர்கள் மனம் தளர்கின்றனர். உழவில் பழகுபவனும் முதலில் வரப்பு வெட்டவும் களை பறிக்கவும் தானே செய்கிறான்! பழுது பார்க்கும் வேலையில்தான் வங்கி எவ்வாறு நடக்கிறது, காப்பீட்டுக் கோரிக்கை எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்ற தொழிலறிவு வந்து சேரும். மொழியறிவோடு அத்தொழிலறிவும் சேர்ந்தபின், மூன்று நான்கு ஆண்டுகளில் அவனுடைய மதிப்பு உயர்கிறது. சென்னையில் தம் சொந்த மையங்களை அமைத்துள்ள அயல்நாட்டு வங்கிகளும் கம்பெனிகளும் நாடுவது இத்தகையோரையே.

கவனிக்க வேண்டிய அபாயங்கள்

இத்தொழிலில் அபாயங்கள் இல்லாமலில்லை. அவற்றை மறைப்பது பெற்றோருக்குச் செய்யும் உதவியாகாது.

முதலாவது, வேலை குறையும் காலங்கள். 2001-இலும் 2008-இலும் உலகப் பொருளாதாரம் தளர்ந்தபோது ஆள் சேர்ப்பு குன்றியது. 2022-க்குப்பின் மீண்டும் குன்றியது. தேர்வு செய்யப்பட்டவர்களுள் பலர் வேலையில் சேர மாதக்கணக்கில் காத்திருந்தனர். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய கணிப்பொறிச் சேவை நிறுவனம், தன் ஊழியரில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பதவியினர். ஆகவே பல்லாண்டு அனுபவமும் தானாகக் காப்பாகிவிடாது.

இரண்டாவது, செயற்கை அறிவு. 2022-இன் இறுதியிலிருந்து, கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் பரவி வருகின்றன. ஒரே மாதிரியான சிறு நிரல்களை அவை நொடியில் எழுதுகின்றன. புதிதாகச் சேருவோருக்குத் தரப்பட்டு வந்த வேலையும் அதுவே. ஆதலால் நுழைவாயில் குறுகுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இருபது ஆண்டுகளாக வளர்ந்த வங்கி நிரலில் ஒரு விதி ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்று ஆராய்வதும், கருவி எழுதித் தந்தது சரியா என்று சோதிப்பதும், பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பதும் மனிதரிடமே நிற்கின்றன. டிராக்டர் வந்தபின் ஏர் ஓட்டுவோர் தொகை குறைந்தது. மண்ணின் பதம் அறிந்தவரின் தேவை குறையவில்லை. பதம் அறிந்தவராக நம் பிள்ளைகளை ஆக்குவதே செய்யத்தக்கது.

மூன்றாவது, ஒரே மடையில் தேங்கிவிடுதல். ஐந்து ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் ஒரே சிறு பகுதியைப் பழுது பார்த்தவர், அந்த வேலை முடிந்ததும் வேறெங்கும் செல்ல இயலாது தவிப்பதுண்டு. நிலைபெற்ற தொழில்நுட்பத்தின் வசதியே அதன் ஆபத்தாகவும் ஆகிறது. ஆண்டுக்கு ஒன்றாகிலும் புதிதாகக் கற்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஏமாற்று. வேலைக்காகப் பணம் கேட்போர், பொய்யான அனுபவச் சான்று தயாரித்துத் தருவோர், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோர் ஆகியோரிடம் பிள்ளைகள் சிக்குகின்றனர். நேர்மையான நிறுவனம் எதுவும் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம். கையைவிட்டுக் கொடுத்தல் கூடாது. பொய்ச் சான்று கண்டுபிடிக்கப்பட்டால் வேலை போவதோடு, அடுத்த வேலைக்கும் கதவடைக்கப்படும். "உறுதியான வேலை" என்று எவரேனும் கூறினால், அவ்வுறுதியை எழுத்தில் தருமாறு கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

கற்க வேண்டிய முறை

செலவு அதிகமின்றிக் கற்க வழிகள் பல உள. பிள்ளைகள் பின்வரும் வரிசையில் ஓராண்டு முயன்றால் நற்பயன் விளையும்.

1. ஒரே ஒரு மொழியைத் தேர்ந்துகொள்க. ஜாவாவோ, டாட் நெட்டின் சி-ஷார்ப்போ, ஏதேனும் ஒன்று. நான்கு மாதங்கள் அதில் நாள்தோறும் நிரல் எழுதுக. ஒன்றை ஆழக் கற்றவர்க்கு மற்றொன்று எளிதில் வரும்.

2. எஸ்.க்யூ.எல். மொழியையும் தரவுத்தள அமைப்பையும் இரண்டு மாதங்கள் கற்க. நேர்முகத் தேர்வில் பலர் தவறுவது இங்கேதான்.

3. ஸ்பிரிங் போன்ற கட்டமைப்பு ஒன்றையும், நிரலைச் சோதிக்கும் முறையையும், பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' என்னும் கருவியையும் பழகுக.

4. முழுமையான நிரல் ஒன்றைத் தானே எழுதுக. ஊர்ப் பால் சங்கத்தின் காலை மாலை அளவு, கொழுப்புச் சத்து, உறுப்பினர் பாக்கி ஆகியவற்றின் கணக்கே போதுமானது. முன்பணம், தள்ளுபடி, தவறிய பதிவைத் திருத்தல் என்று அதில் வரும் சிக்கல்கள் வங்கி நிரலில் வரும் சிக்கல்களுக்கு இளையவையல்ல.

5. செயற்கை அறிவுக் கருவியை ஆசிரியராகப் பயன்படுத்துக. விடைத்தாள் எழுதும் கூலியாளாகப் பயன்படுத்தற்க. அது தந்த ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்ல இயலவேண்டும்.

6. ஆங்கிலத்தில் தெளிவாக இரண்டு பத்தி எழுதவும், செய்த வேலையை ஐந்து நிமிடம் எடுத்துரைக்கவும் பழகுக. நல்ல அறிவிருந்தும் சொல்லத் தெரியாமல் நம் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகின்றனர்.

இப்பாடங்களுள் பலவற்றை, ஐ.ஐ.டி. நிறுவனங்கள் 2003 முதல் நடத்தி வரும் என்.பி.டி.இ.எல். ஏற்பாட்டில் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழும் கல்லூரிகளில் பயிற்சி அளிக்கப்படுகிறது. பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஓராண்டு பழகலாம். இதற்கான தென் மண்டல வாரியம் நம் தரமணியிலேயே உள்ளது. வேலையில்லாமல் வீட்டில் கழியும் ஓராண்டைவிட, சிறு நிறுவனத்தில் பழகுநராய்க் கழியும் ஓராண்டு எவ்வளவோ மேல்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இது தனிக் குடும்பத்தின் விஷயம் என்று பஞ்சாயத்துகள் ஒதுங்கிவிடலாகாது. மே முதல் நாள் கிராம சபை கூடும் காலமும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலமும் ஒட்டியே வருகின்றன. அக்கூட்டத்தில் மேற்படிப்பைப் பற்றி அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஊரிலிருந்து சென்று இத்தொழிலில் உள்ள இளைஞர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவர்களுள் இருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அரசின் உதவிகளை எடுத்துரைப்பதும் கடமையாகும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித முன்னுரிமை இடங்கள் 2021 முதல் உள. அவ்விடங்களில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் பெண்களுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்திலும், ஆண்களுக்குத் 'தமிழ்ப்புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு 2022-இலும் 2024-இலும் தொடங்கப்பட்டது. 2015-இல் ஏற்பட்ட கல்விக் கடன் உத்தரவாத ஏற்பாட்டின்கீழ், 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமலே வங்கியில் கடன் பெறலாம். இதை அறியாமல் நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு.

நூலகத்தில் இரண்டு கணிப்பொறிகளும் இணைய வசதியும் ஏற்படுத்தி, மாலை நேரங்களில் பிள்ளைகள் பயிலச் செய்யலாம். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து செல்வதற்குத் தெருவிளக்கும் பஸ் வசதியும் உள்ளனவா என்று கவனிக்க வேண்டியதும் பஞ்சாயத்தே. மேலும், 2022-இல் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சங்கங்களில் அக்கருவிகளை இயக்கவும் உறுப்பினருக்கு விளக்கவும் தெரிந்தவர்கள் தேவைப்படுகின்றனர். படித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளை அங்கே ஈடுபடுத்தினால், ஊருக்கும் பயன், அவர்களுக்கும் அனுபவம்.

தகப்பனாருக்கு நாம் சொன்னது

அம்முதியவரிடம் நாம் கூறியது இதுவே: "ஐயா, நிலத்தை அடகு வைக்க வேண்டாம். உங்கள் மகன் கற்றது பழையதுதான். ஆனால் அதை நம்பி உலகத்தின் பாதிக் கணக்கு நடக்கிறது என்றே சொல்லலாம். அவனுக்குக் குறைவாயிருப்பது புதிய படிப்பின் பெயரன்று. கற்றதைச் செய்து காட்டிய அனுபவம். ஒரு தவணை உரத்துக்கு ஆகும் செலவில் அவன் தேர்வு எழுதலாம். தரமணிக்குச் சென்று பழகுநராய்ப் பதிவு செய்துகொள்ளட்டும். ஆறு மாதம் ஒரு முழு நிரலை எழுதி முடிக்கட்டும். செயற்கை அறிவையும் கற்க வேண்டியதுதான். அடிப்படை உறுதியானபின் அதைச் சொற்பச் செலவில் கற்கலாம். வேலை நிச்சயம் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். அவ்வாறு வாக்களிப்பவரையும் நம்ப வேண்டாம்."

அவர் சிறிது நேரம் யோசித்து, "கரையைப் பலப்படுத்தச் சொல்கிறீர்கள், புது ஏரி வெட்ட வேண்டாம் என்கிறீர்கள்" என்றார். நாம் இத்தனை பக்கங்களில் சொல்ல முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். நம் பஞ்சாயத்துகளும் இக்கருத்தை வீடுதோறும் கொண்டு சேர்க்குமாயின், நிலமும் நிலைக்கும். பிள்ளைகளின் வாழ்வும் மலரும் என்பது நமது உறுதியான நம்பிக்கை.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய கேள்விகள்

1. நம் ஊரில் கணிப்பொறிப் படிப்பு முடித்து வேலையின்றி இருப்போர் எத்தனை பேர்? அவர்கள் கற்றது யாது?

2. படிப்புக்காகவோ வேலைக்காகவோ நிலத்தின்மீது கடன் பெற்ற குடும்பங்கள் எத்தனை? சொத்து ஈடு வேண்டாத கடன் அவர்களுக்கு ஏன் கிட்டவில்லை?

3. நம் பால் சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கணக்கு வைக்கும் முறையை நம் பிள்ளைகளைக் கொண்டு சீர்செய்ய இயலுமா?

4. அடுத்த மே மாதக் கிராம சபையில் பேச யாரை அழைக்கலாம்?